காது இல்லாத மூட்டை

சோப்பு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததும் சவரிநாதன் முதலில் செய்த காரியம், குழாயடியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததுதான். பக்கத்து வீட்டு ஹில்டா இருந்தாள். இடுப்பில் தவலையோடு தன் முறைக்காக நின்றிருந்தாள். சோப்பு அவன் வலது பாதத்துக்குப் பக்கத்தில், பாசி படிந்த கல்லின் மேல், நுரை கக்கிக்கொண்டு கிடந்தது. எந்த மனுஷனும் யோசிக்காமல் குனிந்து எடுத்துவிடுகிற தூரம்தான். அவனோ தலையெல்லாம் நுரையோடு நிமிர்ந்து நின்று, ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.

“இன்னாண்ணே, வானத்தப் பாத்துகினு நிக்கற? மழ வருமா?”

“வர்ற மாதிரிதான் கீது.”

“பங்குனி மாசத்துலயா?”

“வந்தா நீ வேணான்னா சொல்லப்போற?”

ஹில்டா சிரித்தாள். சிரித்துவிட்டு அவன் காலடியைப் பார்த்தாளா, இல்லை தவலையைத்தான் பார்த்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நுரை வழிந்து கண் எரிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றான். அந்த நேரத்தில் வாசலிலிருந்து அவன் பெண்டாட்டி சிலுவையம்மாளின் குரல் வந்தது.

“ஏண்டி ஹில்டா, உன் வூட்ல இன்னாத்த அடுப்புல வச்சுட்டு வந்த? தீயற வாசன பனைமரத்தொட்டித் தெரு பூரா அடிக்குது!”

“ஐயோ, சோறுக்கா!” ஹில்டா தவலையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சிலுவையம்மாள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த குறடை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கொல்லன் பட்டறையில் காய்ச்சின இரும்பைப் பிடிப்பார்களே, அதே குறடுதான். ஆனால் பிடி மட்டும் ஒரு முழத்துக்கு மேல் நீளம். சவரிநாதன் நின்றபடியே அதை இறக்கி, சோப்பைக் கவ்வித் தூக்கினான். 

“ஹில்டா வூட்ல சோறு தீயுதா இன்னா?”

“அவ இப்பத்தான் ஒலயே வச்சிருப்பான்னு நெனக்கிறேன். நீ சீக்கிரம் குளி.”

அந்தக் குறடு வந்த பிறகுதான் அவனுக்குப் பாதி மானம் திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் வேட்டியைத் தரையிலிருந்து எடுப்பான், செருப்பைத் திருப்பிப் போடுவான், கட்டிலடியில் உருண்டுபோன தீப்பெட்டியை இழுப்பான். துறைமுகத்தில் அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்து அவன் முதுகில் விழுந்தது போன வருஷம் மழைக்காலத்தில். எலும்பு கூடியது. ஆனால் இரும்புக் கம்பியை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி கூடியது. நடப்பான், நிற்பான், இரண்டு கையாலும் இழுத்தால் கட்டுமரத்தையே கரைக்கு இழுப்பான். குனிய மட்டும் முடியாது. முழங்காலுக்குக் கீழே கிடக்கிற உலகம் அவனுடையது இல்லை என்று ஆகிவிட்டது.

வீட்டில் குறடு என்றால் துறைமுகத்தில் கொக்கி. மூட்டை இறக்குகிற ஆட்கள் எல்லாருமே கையில் ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற மரப்பிடியும் அதிலிருந்து வளைந்த இரும்பு முள்ளும். கோணியில் ஒரு கொத்து, ஒரு இழு. சவரிநாதனுடைய கொக்கிக்கு மட்டும் மூங்கிலில் நீளக் காம்பு இருந்தது. கிரேன் கொண்டுவந்து ஷெட்டில் கொட்டுகிற குவியலிலிருந்து மூட்டையை இழுத்துத் தள்ளுவண்டியின் அடியில் தரையோடு படிகிற தகட்டு நாக்கில் ஏற்றுவது அவன் வேலை. நின்றபடியே இழுப்பான். மற்றவர்கள் குனிந்து இழுப்பதைவிட அதிகமாகவே இழுப்பான். ஒருத்தன் கொக்கிக்குக் காம்பு எவ்வளவு நீளம் என்று துறைமுகத்தில் இன்னொருத்தன் கேட்கிற வழக்கம் இல்லை. அவனவன் கொக்கி அவனவன் பாடு. கேங்கில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். மேஸ்திரி தவசிமுத்துவுக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லாத வரைக்கும் அது இல்லாத விஷயமாகவே இருந்தது.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தது பித்தளைப் பில்லை. இனிமேல் துறைமுகத்தில் நிரந்தர ஆட்களுக்கு நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை கொடுக்கப்போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. பில்லை இருந்தால் கப்பல் வராத நாளிலும் கூலி. பில்லை இல்லாதவன் விடியலில் கேட்டுக்கு வெளியே கூட்டத்தோடு நின்று, இன்றைக்கு ஆள் வேண்டுமா என்று பல்லைக் காட்ட வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் நிற்கிறவனை முதலில் குனியச் சொல்லித்தான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வரும்போது தவசிமுத்து அவனைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டு போனார். தூத்துக்குடி ஆள். பட்டணத்துக்கு வந்து தலை நரைத்தும் பேச்சு மாறவில்லை.

“வே சவரி, திங்கக்கிழம வார கப்பல்ல மாவு மூட்ட. அமெரிக்கா மாவு. துணிப்பையி. கொக்கி போடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டான்.”

சவரிநாதன் தன் கொக்கியின் மூங்கில் காம்பைப் பார்த்தான்.

“கேட்டீரா? கேட்டுலயே கொக்கிய வாங்கிக் கூடையில போட்டுருவாங்க. வால்டர் தொரை அவரே வந்து ஷெட்ல நிக்கப்போறாரு. அன்னிக்கு நின்னு பாத்து, மத்தியானச் சங்குக்கு அங்கனயே பில்ல குடுக்காரு.”

“அன்னிக்கேவா மேஸ்திரி?”

“அன்னிக்கேதான். நான் என்ன செய்யட்டும், சொல்லும். நீரு அன்னிக்கு வராம இருந்தா ஒமக்குப் பில்ல இல்ல. வந்து நின்னாலும்…” தவசிமுத்து அவன் முதுகைப் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சவரிநாதன் அன்றைக்கு டிராமில் ஏறவில்லை. நடந்தே வந்தான். வழி நெடுக ஒரே நினைப்பு. ஒரு மனுஷன் குனியாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? காய்ச்சல் என்று சொல்லலாமா? கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போனால் என்ன? கட்டுப் போட்டவனுக்கு எவன் பில்லை கொடுப்பான்? வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது.

சிலுவையம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கிய குறடைப் பார்த்தாள்.

“கொக்கிதானே எடுத்துகினு வராதேன்னான்? குறடு எடுத்துகினு வராதேன்னு சொன்னானா?”

“பைத்தியமா உனக்கு? சோப்பு எடுக்கற குறடால மூட்டை தூக்குவாங்களா?”

“இதால இல்லய்யா. நீ கெளம்பு. பாய் பட்டறை மூடறதுக்குள்ள போவணும்.”

“சோறு?”

“சோறு எங்க போயிடப்போவுது?”

சௌக்கத் அலியின் பட்டறை கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், வண்டிச் சக்கரங்கள் சாய்த்து வைத்த சந்துக்குள் இருந்தது. முதல் குறடைச் செய்துகொடுத்தவரும் அவர்தான். அப்போது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இப்போதும் சிலுவையம்மாள் சொல்லச் சொல்ல, தாடியைச் சொறிந்துகொண்டு சவரிநாதனின் முதுகையே பார்த்தார். குதிரை வாங்க வந்தவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“சைடுல திரும்பு நைனா. சரி. கைய நீட்டு. கீழ… அவ்ளோதானா?”

“அவ்ளோதான் பாய்.”

“வலிக்குதா?”

“வலிக்கல. வரல.”

“தங்கச்சி, ஐஸ் டிப்போல ஐஸ் பாளம் தூக்கறாங்களே, அந்தக் குறடு பாத்துகீறியா? நான் செஞ்சு குடுத்ததுதான். இழுக்க இழுக்க வாய மூடும். வுட்டா தொறந்துக்கும். நீ அமுக்கவே வேணாம், மூட்டையோட கனமே அமுக்கும்.”

“அதுல முள்ளு இருக்குமே பாய். துணி கிழிஞ்சா இவரக் கிழிச்சுடுவாங்க.”

“முள்ள ராவிடறேன். வாய்க்கு லாரி டயர் ரப்பர அறுத்துக் கட்டிடறேன். கொழந்த கன்னத்தக் கிள்ளற மாதிரி கிள்ளும், போதுமா?” என்றவர், சவரிநாதனிடம் திரும்பி, “இன்னா நைனா, மூஞ்சிய அப்டி வச்சிகினு கீற? சங்கிலி கட்டி இழுக்கறவன் கெட்டிக்காரன், குனிஞ்சு தூக்கறவன் முட்டாள்னு நெனச்சுக்கோ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சிலுவையம்மாள் போய்ப் புதுக் குறடை வாங்கி வந்தாள். கனமாகத்தான் இருந்தது. இரண்டு கவையும் கத்தரி மாதிரி குறுக்கே போய், மேலே சின்னச் சங்கிலியில் சேர்ந்து, ஒரு வளையத்தில் முடிந்தது. வளையத்தைப் பிடித்து நின்றால் வாய் சரியாகக் கணுக்கால் உயரத்தில் தொங்கியது. அவள் ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் மணலை வாரி நிரப்பி, ரிக்‌ஷாக்காரனிடம் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தாள். புழக்கடைக் கதவைத் தாழ் போட்டாள். மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்தாள். துறைமுகத்தில் எப்படித் தைப்பார்களோ அப்படியே, இரண்டு மூலையிலும் ஒரு கைப்பிடி அளவு சாக்கை மிச்சம் விட்டு, சணலால் இறுக்கிக் கட்டினாள். மூட்டைக்குக் காது என்பது அதுதான். அரிசியோ, உப்போ, மிளகாயோ, இந்த ஊரில் எந்த மூட்டையும் காது இல்லாமல் வந்ததில்லை.

சவரிநாதன் வளையத்தைப் பிடித்துக் குறடை இறக்கினான். ரப்பர் வாய் காதைத் தொட்டது. இழுத்தான். வாய் மூடியது. இன்னும் இழுத்தான். மூட்டை, தூக்கத்திலிருந்து எழுப்பின மாட்டைப் போல ஒரு முனகலோடு நகர்ந்தது.

“வருதுய்யா!” சிலுவையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் புழக்கடை முழுக்க அந்த மூட்டையை இழுத்தான். முருங்கை மரத்தடியிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து மரத்தடி வரைக்கும். வியர்வை சொட்டச் சொட்ட இழுத்தான். கடைசியில் சிலுவையம்மாள் மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, “எங்க, இப்ப இழு பாக்கலாம்” என்றாள். அதையும் இழுத்தான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஹில்டா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னாக்கா நடக்குது அங்க?” என்று கேட்டாள். “கல்யாணம் நடக்குது, வர்றியா?” என்றாள் சிலுவையம்மாள். 

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு பெரிய பிரப்பங்கூடை வைத்திருந்தார்கள். ஆட்கள் வரிசையாக வந்து கொக்கியை அதில் போட்டார்கள். இரும்பு மேல் இரும்பு விழுகிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் சவரிநாதன் தோளில் கிடந்த குறடை ஒரு தரம் தொட்டுக்கொண்டான். கூடைக்குப் பக்கத்தில் வால்டர் நின்றிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. பெரம்பூர் சட்டைக்காரர், ஆங்கிலோ இந்திய அதிகாரி. கத்த மாட்டார். அதனாலேயே ஆட்களுக்கு அவரிடம் பயம் அதிகம்.

“ஒரு மூட்டை கிழிஞ்சாலும் கிழிச்சவன் வெளியே. ஷெட்டை விட்டு இல்லை, ஹார்பரை விட்டு. எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

எல்லாரும் புரிந்த மாதிரி நின்றார்கள். சவரிநாதனுக்கு முன்னால் போன, அவன் கேங்கிலேயே வேலை செய்கிற பாஸ்கல் கூடையில் கொக்கியைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்து, “போய்ட்டு வரேண்டா தோஸ்து, அழுவாத” என்றான். யாரோ சிரித்தார்கள். வால்டர் சிரிக்கவில்லை. அவர் கண் சவரிநாதனின் தோளில் தொங்கிய குறடின் மேல் இருந்தது.

“இது என்ன?”

சவரிநாதன் குறடைத் தோளிலிருந்து இறக்கினான். தவசிமுத்து முன்னால் வந்தார்.

“குறடு தொரை. கொக்கி இல்ல. முள்ளு கெடையாது, நீங்களே தொட்டுப் பாருங்க. மூட்டைக்கு ஒரு கீறல் விழாது.”

வால்டர் குறடின் வாயைத் திறந்து, உள்ளே கட்டைவிரலை விட்டு ரப்பரைத் தடவிப் பார்த்தார். வாயை மூடிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு விட்டுவிட்டார். 

“போ.”

உள்ளே போகும்போது பாஸ்கல் காதோரம் வந்தான். “மாமு, பாதிக் கிணறு தாண்டிட்ட.”

“வாய மூடுடா. மீதிப் பாதி கீது.”

கிரேன் முதல் வலையைக் கொண்டுவந்து ஷெட் தரையில் மெதுவாக இறக்கியது. வலை விரிந்தது. சவரிநாதன் வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

வெள்ளை வெளேரென்று தலையணை தலையணையாகக் கிடந்தன மூட்டைகள். மேலே நீல எழுத்து. திணிக்கத் திணிக்கத் திணித்து, வாயை மெஷினில் வைத்து நேர்கோடாக அடித்திருந்தார்கள். மூலைகள் எல்லாம் கன்றுக்குட்டியின் வயிறு போல உருண்டு, வழவழவென்று இருந்தன. பிடித்து இழுக்க ஒரு மூலையிலும் ஒரு விரற்கடை துணி மிச்சம் இல்லை. காது இல்லை. சவரிநாதன் ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்தான். அந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிற மூட்டையிலாவது இருக்கும் என்று பார்த்தான். எதிலும் இல்லை. அவனுக்கும் தோன்றவில்லை, சிலுவையம்மாளுக்கும் தோன்றவில்லை, இரும்போடு பிறந்து வளர்ந்த பாய்க்கும் தோன்றவில்லை. மூட்டை என்றால் காது இருக்கும் என்று மூன்று பேரும் ஒரு பேச்சுக்குக்கூடச் சந்தேகப்படவில்லை.

“இன்னா மாமு இது,” பாஸ்கல் மூட்டையைத் தட்டிப் பார்த்தான். “அமெரிக்காக்காரன் பெத்துப் போட்டான், காது குத்த மறந்துட்டான்.”

மற்றவர்கள் குனிந்து, இரண்டு கையாலும் மூட்டையின் அடிவயிற்றில் கொடுத்து உருட்டத் தொடங்கினார்கள். சவரிநாதன் குறடை இறக்கினான். ரப்பர் வாய் மூட்டையின் மேல் வழுக்கி, காற்றைக் கடித்துக்கொண்டு மேலே வந்தது. மறுபடி இறக்கினான். மறுபடி வழுக்கியது. ஷெட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வால்டர் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. சவரிநாதன் மூன்றாம் தரம், தையல் ஓடுகிற விளிம்பில் குறடை வைத்து அழுத்தினான். கொஞ்சம் துணி மடிந்து வாய்க்குள் வந்தது. போதும், இது போதும் என்று நினைத்துக்கொண்டு இழுத்தான். மூட்டை அசைந்தது. அசைந்ததும் அவன் உடம்பு அவனைக் கேட்காமலே முழு மூச்சாக இழுத்தது.

தையல் ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. மாவு பொசுபொசுவென்று சிந்தியது.

வால்டர் எழுந்து வந்தார். நடந்து வருகிற பூட்ஸ் சத்தத்தைச் சவரிநாதன் கேட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பும்தான். தைரியம் திரும்பவில்லை.

“யார் கிழிச்சது?”

“கிழியல தொரை,” தவசிமுத்து எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். “மெஷின் தையலு. அவிஞ்சிருக்கு. துணியப் பாருங்க, முழுசா இருக்கு. ரெண்டு தையல் போட்டா தீந்துச்சு.”

வால்டர் துணியைப் பார்த்தார். உண்மைதான், துணி கிழியவில்லை. ஆனால் அவர் கையை நீட்டினார். 

“அதைக் குடு.”

சவரிநாதன் குறடைக் கொடுத்தான். வால்டர் அதை வாங்கிக்கொண்டுபோய் மேஜைக்கு அடியில் வைத்தார். உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் முகம் இந்தப் பக்கமே இருந்தது.

சவரிநாதனின் இரண்டு கையும் வெறுமையாகத் தொங்கின. காலடியில் மூட்டைகள். எட்டாத இடத்தில், எட்டு முழம் தள்ளி இருப்பது மாதிரி கிடந்தன. சுற்றிலும் ஆட்கள் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மனுஷனுக்குக் குனிவதும் நிமிர்வதும் எவ்வளவு சல்லிசான காரியமாக இருக்கிறது! நின்றுகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிடுவார். கூப்பிட்டு, ‘ஏன் நிற்கிறாய்’ என்பார். அதற்குப் பதில் ஒன்றுதான்.

குனிய முடியாது. ஆனால் மடங்காதது முதுகுதானே, முழங்கால் இல்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அட்டி சரிந்த நாளிலிருந்து அவன் முழங்கால் போட்டதே இல்லை. கோயிலில்கூட, எல்லாரும் மண்டியிடும்போது பின்னால் தூணோரம் ஒதுங்கி நின்றுகொள்வான். காரணம் இறங்குவது இல்லை. இறங்கினால் ஏறுவது எப்படி என்பதுதான். எழுந்திருக்கிறவன் முதலில் முன்னால் சாய வேண்டும். அந்தச் சாய்வு அவனிடம் இல்லை.

தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவன் இறங்கினான். முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது. கம்பத்தை நட்ட மாதிரி நேராக நின்றான். மூட்டை இப்போது அவன் மார்புக்கு நேரே இருந்தது. இரண்டு கையையும் விரித்து அதை அணைத்தான். புது மாவின் வாசனை. உடம்பை அப்படியே பின்னால் சாய்த்தான். சிந்திய மாவில் மூட்டை எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்காலாலேயே பின்னால் நகர்ந்தான். மறுபடி அணைத்தான், மறுபடி சாய்ந்தான். மூட்டை தள்ளுவண்டியின் நாக்கில் ஏறியது.

தலை நிமிர்ந்தபோது வால்டர் எழுந்து நின்றிருந்தார்.

அந்த நொடியில்தான் பாஸ்கல் தொப்பென்று அவன் பக்கத்தில் மண்டி போட்டான்.

“இன்னாடா பண்ற?” சவரிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“நீ பண்றதத்தான். சும்மா சொல்லக் கூடாது மாமு, சோக்கா வழுக்குது. இடுப்பு பேஜாரு இல்ல.” பாஸ்கல் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “வாடி என் ராசாத்தி” என்று இழுத்தான். அடுத்த வரிசையில் இருந்தவனும் அதைப் பார்த்தான். அவனுக்கும் விஷயம் புரிந்ததோ, இல்லை இடுப்பு நொந்துதான் போயிருந்ததோ, அவனும் மண்டியிட்டான். கொஞ்ச நேரத்தில் குவியலைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள்.

வால்டர் தவசிமுத்துவைக் கூப்பிட்டார். “என்ன இது? ஷெட்டா, சர்ச்சா?”

“காது இல்லாத மூட்டைக்கு இதுதான் தொரை வழக்கம். தூத்துக்குடியில இப்படித்தான் எடுப்போம்.” தவசிமுத்து கண்ணை இமைக்காமல் சொன்னார். “நகம் படாது, தையல் அவியாது. பாத்துக்கிட்டே இருங்களேன்.”

வால்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. வலை வந்தது, போனது, வந்தது. சவரிநாதனின் முழங்கால் தோல் உரிந்து எரிந்தது. அது ஒரு பொருட்டாக இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் அவன் மனசு வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி வண்டி போவதற்குள் அதன் கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிட வேண்டும். மறக்கக் கூடாது. கடைசி வண்டி.

மறக்கவில்லைதான். ஆனால் கடைசிக்கு முந்தினது என்று அவன் நினைத்திருந்த வண்டிதான் கடைசி வண்டியாக இருந்தது. அவன் கையை நீட்டும்போது வண்டிக்காரன் மத்தியானச் சங்கு ஊதிய சந்தோஷத்தில் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். குவியலும் இல்லை. ஒரே ஒரு மூட்டை மட்டும், அந்தத் தையல் விட்ட மூட்டை மட்டும், தனியே கிடந்தது. மற்றவர்கள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து மேஜையை நோக்கி நடந்தார்கள். மேஜை மேல் வால்டர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பித்தளை மின்னியது.

பாஸ்கல் எழுந்தவன் அவனைப் பார்த்துக் கையை நீட்டினான்.

“தொடாத,” என்றான் சவரிநாதன். “பாத்துகினு கீறாரு. நீ தூக்கி வுட்டா தெரிஞ்சிடும்.”

“அப்ப எப்டி மாமு?”

“நீ போ. எனக்கு முன்னால நில்லு. நேரம் ஆவட்டும்.”

பாஸ்கல் போனான். வரிசையில் நின்றவர்கள் யாருமே பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுடைய முதுகுகள் நெருக்கமாகச் சேர்ந்து நின்று, மேஜைக்கும் சவரிநாதனுக்கும் நடுவில் ஒரு சுவராயின. ஆனால் அது ஒவ்வொரு ஆளாகக் கரைகிற சுவர். பேர் சொல்லி, பில்லை வாங்கி, ஒருத்தன் போனான். அடுத்தவன் போனான். சவரிநாதன் இரண்டு உள்ளங்கையையும் மூட்டை மேல் ஊன்றி வலது பாதத்தை முன்னால் கொண்டுவந்தான். பாதி வழியில் அது மாவில் வழுக்கிப் பழைய இடத்துக்கே போனது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கொண்டுவந்தான். இந்தத் தடவை பாதம் தரையில் பதிந்தது. இடது முழங்கால் மட்டும் பாக்கி. முதுகுக்குள் யாரோ கம்பியைச் சூடு பண்ணி வைத்த மாதிரி இருந்தது.

கடைசியாகப் பாஸ்கல் மேஜை முன்னால் நின்றான்.

“பேர்?”

“எந்தப் பேரு தொரை? கோயில்ல சாமியாரு வச்சதா, வூட்ல கூப்புடறதா?”

“கோயில் பேர்.”

“பாஸ்கல் பைலோன் அந்தோணி. அதுல நடுவுல உள்ளது என் மாமனுக்குப் புடிக்காது. அத வேணா எடுத்துடுங்க. இல்ல, வேணாம், மாமன் செத்துட்டாரு, இருக்கட்டும்.”

“அப்பா பேர்?”

“பெத்த நைனாவா, வளத்த நைனாவா?”

பில்லை வாங்கியவர்கள் வாசலிலேயே நின்று சிரித்தார்கள். வால்டர் பேனாவை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பாஸ்கல் தன் வாழ்நாளிலேயே இல்லாத பணிவோடு கைகட்டி நின்றான். மூட்டை சவரிநாதனின் கனத்தில் ஒரு பக்கமாக அமுங்கியது. தையல் விட்ட இடத்தில் மாவு மெல்ல வழிந்துகொண்டே இருந்தது. அமுங்க அமுங்க, அவன் கை தாழ்ந்துகொண்டே போனது. கையை எடுத்தால் விழுவான். எடுக்காவிட்டால் எழ முடியாது.

“பெத்த அப்பா,” என்றார் வால்டர்.

“அவரும் ரெண்டு பேருக்காரரு தொரை.”

“பில்லையை எடு. போ.”

பாஸ்கல் பில்லையை எடுத்தான். அதைத் திருப்பி நம்பரைப் பார்த்தான். எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி உதட்டை அசைத்தான். வேறு வழியில்லாமல் ஒரு எட்டு நகர்ந்தான். 

மேஜைக்கும் சவரிநாதனுக்கும் நடுவில் இப்போது வெறும் தரை. பெட்டியில் ஒரு பில்லை மிச்சம் இருந்தது. வால்டர் அதைக் கையில் எடுத்து மேஜை மேல் வைத்தார். காகிதத்திலிருந்து இன்னும் தலையைத் தூக்கவில்லை.

“சவரிநாதன்.”

ஷெட்டுக் கூரையில் காத்திருந்த சிட்டுக்குருவிகள் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததென்று கீழே இறங்கியிருந்தன. சிந்திய மாவில், அவன் இடது முழங்காலைச் சுற்றிலும், அதை ஒரு கல் என்றோ கட்டை என்றோ நினைத்துக்கொண்டு பயமில்லாமல் தத்திக்கொண்டிருந்தன. வால்டர் தலையைத் தூக்கினார். அதே நேரத்தில் அந்த முழங்கால் தரையை விட்டு எழ, குருவிகள் எல்லாம் ஒன்றாக விருட்டென்று எழும்பின.